பதின்மூன்று சென்டிமீட்டர்

பச்சைப் பென்சிலைச் சீவிச் சீவி
இரண்டு வருடத்தில் மூன்று பெட்டி தீர்த்தேன்.
கணினியிலும் வரையலாம்தான்.
ஆனால் கூட்டங்களில் திரையை எவரும் தொடுவதில்லை.
தாளென்றால் விரல் வைத்துச் சண்டை போடுவார்கள்.

சுவிண்டனின் வடகோடி.
போன வருடம் பார்லி விளைந்த சரிவில்
இப்போது ஆயிரத்து எழுநூறு கதவுகள்,
எல்லாம் ஒரே சாம்பல் நீலம்.
தெருக்களுக்கு மட்டும் பறவைப் பெயர்கள்:
வானம்பாடிச் சந்து, ஆந்தை வளைவு.
பெயர்ப்பலகை நட்ட வாரமே
பறவைகள் இடத்தைக் காலி செய்துவிட்டன.

மிஞ்சியதைக் கோப்பது என் வேலை.
சாலை போக, வீடு போக, கார் நிற்க இடம் போக
ஓரத்தில் கிடக்கும் முக்கோணங்கள்,
மின்கம்பத்தடி, பள்ளி வேலிப்புறம்,
கல்லறைத் தோட்டத்தின் முதுகு.
தமிழில் இதற்கொரு சொல் உண்டு: புறம்போக்கு.
எவர் பட்டாவிலும் ஏறாமல்
ஊருக்கென்று கிடக்கும் நிலம்.
அதைத்தான் வசவாக்கி வைத்திருக்கிறோம்.
அலுவலகத்தில் இதைச் சொல்லவில்லை.
படிவத்தில் 'எஞ்சிய பரப்பு' என்று நிரப்பினேன்.

ஓடையின் கதை வேறு.
கோல்வெல் ஓடை சூப்பர்மார்க்கெட் வாசல்வரை
வெயில் பார்த்தபடி வருகிறது.
பிறகு குழாய்க்குள் குனிந்து
தள்ளுவண்டிகளுக்கு அடியில்
நானூறு மீட்டர் இருட்டில் நடந்து
சலவைக்கடைக்குப் பின்னால் இருமிக்கொண்டே வெளியேறுகிறது.
ஜனவரி மழையில் குழாய் போதவில்லை.
ரொட்டி அடுக்கிய கீழ்த்தட்டுவரை ஏறி வந்து
தான் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போனது.
அதன் பிறகே எங்கள் கோப்பு மேசை மாறியது.

மார்ச் கூட்டத்தில் முப்பது நாற்காலி, பதினொரு பேர்.
கார் நிறுத்தம் எத்தனை போகும், என்றாள் ஹெதர் பிளாக்மோர்.
பதினெட்டு.
முணுமுணுப்பு.
கொசு வருமா, என்றார் ஸ்பிக்னியெவ்.
வரும். தவளையும் வரும்.
"வீட்டு வரி ஏறுமோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்ட
தவராசசிங்கம், எல்லோரும் திரும்பிப் பார்க்க,
ஆங்கிலத்தில் வானிலையைப் பற்றிப் பேசினார்.

பிறகு முள்ளெலி.
வேலிக்கடியில் பதின்மூன்று சென்டிமீட்டர் சதுரம்,
வீட்டுக்கு ஒன்று. அவ்வளவுதான் கேட்டோம்.
இரவெல்லாம் ஒரு மைல் அலையும் பிராணிக்கு
இருபது அடிக்கொரு பலகை நிறுத்தியிருக்கிறோம்.
ஊர் கூடித் தேர் இழுத்துவிடலாம்.
ஊர் கூடி ஓட்டை போடுவது
அத்தனை சுலபமாக இல்லை.

ரயிலில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற கெத்தின் மேடக்ஸ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
என் பச்சைக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்,
கல்லறை, பள்ளி, குளம், ஆந்தை வளைவு.
விரல் நின்றது.
"தண்டவாளம் இங்கே அறுந்திருக்கே.
யார் வீடு இது, நாற்பத்தொன்று?"

என் வீடு.
களை பிடுங்க நேரமில்லையென்று
கொல்லை முழுக்கக் கல் பாவிய வீடு.
நான்கு பக்கமும் கான்கிரீட் அடியிட்ட வேலி.
இரண்டு வருடமாய் அந்த இடம் வரும்போது
பென்சிலை அழுத்தாமல் நகர்த்தியிருக்கிறேன்,
தெரியாமல் என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை துளைக்கருவி வாடகைக்கு எடுத்தேன்.
கான்கிரீட் முரண்டு பிடித்தது.
பதின்மூன்றுக்குப் பதினாறாகி
ஓரமெல்லாம் பல் முளைத்தது.
ஆறு வரிசைக் கல்லைப் பெயர்த்தேன். அடியில்
கட்டுப் பிரித்த விரல்போல மண் வெளிறிக் கிடந்தது.

முதல் வாரம் வழியாக வந்தவை:
பூனையின் ஒரு கால்,
சிப்ஸ் உறை,
பக்கத்து வீட்டு ஸ்பிக்னியெவின் மகள் நீட்டிய கை,
அதில் பாதி கடித்த பிஸ்கட்.
முள்ளெலி வரவில்லை.
ஓடையைத் திறக்கும் பணம் அடுத்த நிதியாண்டிலாம்.
அதற்கடுத்ததும் ஆகலாம்.

நேற்றிரவு மழை.
வழக்கமாய்க் கதவுவரை வந்து நிற்கும் தண்ணீர்
கல் பெயர்த்த இடத்தில் எங்கோ போய்விட்டது.
டார்ச் அடித்துத் தேடினேன்,
கடன் கொடுத்தவளைப்போல.

விளக்கைப் போட்டு வரைபடத்தை விரித்து
நாற்பத்தொன்றின்மேல் அழுத்திக் கோடிழுத்தேன்.
முனை ஒடிந்தது.